ஸ்பிரிங்க்ளர் கன்ட்ரோலர் ஒரே காலையில் நாலு தடவை ஓடுகிறது, 3-வது ஸோன் திறக்கவே இல்லை

புல்தரை_கோவை

வணக்கம். வீட்டுத் தோட்டத்து கன்ட்ரோலரில் மூன்று சிக்கல். அமைப்பு இது:

கரிசல் மண். 4 ஸோன் (தனித்தனி வால்வில் ஓடும் பகுதிகள்): 1, 2, 3 புல்வெளி (பாப்-அப் ஸ்பிரே), 4-வது செடிகளுக்குச் சொட்டுநீர். 6 ஸ்டேஷன் (ஆறு ஸோன் வரை ஓட்டும்) கன்ட்ரோலர், 24 வோல்ட் ஏ.சி., 1 அங்குல வால்வுகள். தண்ணீர் சம்ப்பிலிருந்து 1 எச்.பி. மோனோபிளாக் வழியாக வருகிறது. மோட்டார் ரிலேயை கன்ட்ரோலரின் பி/எம்.வி. (பம்ப்/மாஸ்டர் வால்வு) முனையில் கொடுத்திருக்கிறது.

புரோகிராம் ஏ-வில் ஸ்டார்ட் டைம் 1 = 5:00, 2 = 5:10, 3 = 5:20, 4 = 5:30. ஒவ்வொரு ஸோனுக்கும் 10 நிமிடம். 5:40-க்கு முடிய வேண்டியது 7:40 வரை ஓடுகிறது, புல்லில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. 3-வது ஸோன் முறை வரும்போது மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வருவதில்லை. மூன்றாவதாக, கரண்ட் போய் வந்தால் கடிகாரம் நள்ளிரவு 12:00-க்குப் போய்விடுகிறது. கன்ட்ரோலரே கெட்டுவிட்டதா?

நீர்வழி

கன்ட்ரோலர் கெடவில்லைங்க. நீங்கள் சொன்னதை அது அப்படியே செய்கிறது.

ஸ்டார்ட் டைம் என்பது புரோகிராமுக்கு உரியது, ஸோனுக்கு உரியது அல்ல. 'ஸ்டார்ட் டைம் 2' என்றால் 'இரண்டாவது ஸோன் எப்போது தொடங்க வேண்டும்' என்று பொருள் இல்லை; 'முழுச் சுற்றையும் இரண்டாவது தடவை எப்போது தொடங்க வேண்டும்' என்றுதான் பொருள். ஒரு ஸ்டார்ட் டைம் வந்ததும் அந்தப் புரோகிராமில் நிமிடம் கொடுத்திருக்கிற எல்லா ஸோனும் 1, 2, 3, 4 என்று தானாகவே வரிசையாக ஓடி முடிக்கும்.

உங்களுக்கு ஒரு சுற்று 40 நிமிடம். 5:00-க்கு முதல் சுற்று தொடங்குகிறது. 5:10, 5:20, 5:30 மூன்றும் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடுகின்றன. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அப்படி வந்ததைத் தள்ளிவிடாமல் வரிசையில் நிறுத்தி, முன்னது முடிந்ததும் ஓட்டும். 4 சுற்று, 160 நிமிடம், 5:00 + 2 மணி 40 நிமிடம் = 7:40. கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள்.

டயலை ஸ்டார்ட் டைம்ஸ் நிலைக்குத் திருப்பி, புரோகிராம் ஏ-வில் 2, 3, 4-ஐ 'ஆஃப்' செய்யுங்கள். பல மாடல்களில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இரவு 11:45-க்கும் 12:00-க்கும் நடுவில் 'ஆஃப்' வரும். அது 12:00 என்று நின்றுவிட்டால் நள்ளிரவில் ஒரு சுற்று ஓடும், அதனால் திரையில் 'ஆஃப்' என்றே தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு புரோகிராம் பி, சி இரண்டையும் திறந்து அங்கேயும் மிச்ச மீதி ஸ்டார்ட் டைம் இல்லையா என்று பார்க்கவும். 'ஏன் மத்தியானம் 2 மணிக்கு ஓடுகிறது' என்கிற புகார்களில் பாதி, யாரோ பி-யில் போட்டுவைத்த நேரம்தான். கடைசியாக சீசனல் அட்ஜஸ்ட் 100% தானா என்று பாருங்கள். அது 150%-ல் இருந்தால் நீங்கள் போட்ட 10 நிமிடம் 15 ஆக ஓடும்.

கடிகாரம்: இப்போதைய கன்ட்ரோலர்களில் புரோகிராம் அழியாத நினைவகத்தில் இருக்கும், அதனால் கரண்ட் போனாலும் புரோகிராம் போகாது. கடிகாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 காசு பேட்டரி, பழைய மாடலில் 9 வோல்ட். அது தீர்ந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் 12:00-க்குப் போகும். அப்புறம் காலை 5 மணிச் சுற்று சாயங்காலம் ஓடும். பேட்டரியை மாற்றி, நேரத்தோடு தேதியையும் சரிபாருங்கள். தேதி தப்பாக இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் முறையும் தப்பும்.

இன்னொன்று: ஸ்டார்ட் டைம் வரும் நேரத்தில் கரண்ட் இல்லாவிட்டால் அன்றைய சுற்று போனதுதான். கரண்ட் வந்ததும் அது விட்டதைப் பிடிக்காது.

இருபத்துநான்கு_வோல்ட்

3-வது ஸோனுக்கு. முதலில் வால்வுப் பெட்டியைத் திறந்து, மோட்டாரை ஓடவிட்டு, 3-வது வால்வின் சோலனாய்டைக் (வால்வைத் திறக்கும் மின்காந்தக் காயில்) கால் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள். தண்ணீர் வந்தால் வால்வு நல்லது, குறை மின்சாரப் பக்கம். வராவிட்டால் குறை டயஃப்ரமிலோ (வால்வுக்குள் திறந்து மூடும் ரப்பர் தகடு) பைப்பிலோ. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் கன்ட்ரோலரைக் கழற்றக் கூடாது.

மின்சாரப் பக்கம் என்றால் மல்டிமீட்டர் வேண்டும். கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓம் அளவில் வைத்து, காமன் (எல்லா வால்வுக்கும் பொதுவான வயர்) முனைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன் முனைக்கும் நடுவில் அளந்து நாலு எண்ணையும் இங்கே போடுங்கள். 24 வோல்ட் ஏ.சி. சோலனாய்டு 20-லிருந்து 60 ஓமுக்குள் காட்ட வேண்டும். எண்ணே வராமல் ஓ.எல். என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. 10-க்குக் கீழே என்றால் ஷார்ட். ஷார்ட்டாக இருந்தால் பல கன்ட்ரோலர்கள் அந்த ஸ்டேஷன் எண்ணோடு 'எர்ர்' என்று திரையில் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

புல்தரை_கோவை

ரொம்ப நன்றிங்க. ஸ்டார்ட் டைமை மாற்றிவிட்டேன், இன்று காலை ஒரே சுற்றோடு நின்றது. பேட்டரியும் மாற்றியாயிற்று.

சோலனாய்டைத் திருப்பினால் 3-ல் தண்ணீர் வருகிறது. ஓம் அளவு: 1 = 31, 2 = 32, 3 = ஓ.எல்., 4 = 30. புது சோலனாய்டு வாங்கிவிடலாமா?

இருபத்துநான்கு_வோல்ட்

அவசரப்படாதீங்க. கன்ட்ரோலர் முனையில் ஓ.எல். என்றால் காயில், ஜாயின்ட், வயர் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். வால்வுப் பெட்டிக்குப் போய், 3-வது சோலனாய்டின் இரண்டு வயரையும் ஜாயின்ட்டில் பிரித்து, காயிலை மட்டும் அளந்து பாருங்கள். அங்கே 30 சொச்சம் காட்டினால் காயில் நல்லது, ஜாயின்ட் அல்லது வயர்தான் போயிருக்கிறது. அங்கேயும் ஓ.எல். என்றால் மட்டும் புது சோலனாய்டு.

ஒரே ஒரு ஸோன் போனால் அந்த ஸோனின் வயரைப் பாருங்கள். ஒரு இடத்துக்கு அப்பால் இருக்கும் எல்லா ஸோனும் சேர்ந்து போனால் காமன் வயரைப் பாருங்கள்.

புல்தரை_கோவை

வால்வில் அளந்தால் 31. ஜாயின்ட்டில் இன்சுலேஷன் டேப்தான் சுற்றியிருந்தது. பிரித்தால் செம்பு பச்சை பூத்து, தொட்டதும் உதிர்கிறது.

இருபத்துநான்கு_வோல்ட்

அதேதான். வால்வுப் பெட்டிக்குள் டேப் ஜாயின்ட் நிலைக்கவே நிலைக்காது. ஈரம் டேப்புக்குள் போய்த் தங்கிவிடுகிறது, வெளியே வர வழியில்லை. கருத்த கம்பியை வெட்டிவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை உரித்து, முறுக்கி, ஜெல் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் கனெக்டருக்குள் சொருகுங்கள். ஜெல், உறை விளிம்பைத் தாண்டி மேலே வர வேண்டும். மற்ற மூன்று வால்வின் ஜாயின்ட்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள், அவையும் அதே நாளில் அதே டேப்பால் சுற்றியவைதானே. இனி மாற்றும்போது பெட்டிக்குள் ஒரு முழம் வயரைச் சுருட்டி விட்டுவையுங்கள். நீளமில்லாத வயரில் இரண்டாவது தடவை ஜாயின்ட் போட முடியாது.

கடைசியில் கன்ட்ரோலரை மேனுவலில் வைத்து 3-ஐ ஓடவிட்டு, காமனுக்கும் 3-க்கும் நடுவில் ஏ.சி. வோல்ட் அளந்து பாருங்கள். 24-லிருந்து 28 வரை இருந்தால் முடிந்தது.

மோட்டார்_பேனல்

எல்லோரும் 3-வது ஸோனை வயர் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறீர்கள். அந்த 10 நிமிடமும், அதுவும் ஒரு காலையில் நாலு தடவை, மோட்டார் மூடிய வால்வை எதிர்த்து ஓடியிருக்கிறது. பம்ப்புக்குள் இருக்கும் அதே தண்ணீர் சுழன்று சுழன்று சூடாகும், சீல் போகும், பி.வி.சி. ஜாயின்ட் விட்டுப்போகும். பி/எம்.வி. முனைக்கு வால்வு திறந்ததா என்று தெரியாது. ஸ்டேஷனுக்கு நேரம் வந்தால் ரிலேயை இழுக்கும், அவ்வளவுதான்.

எனவே மோட்டாருக்கு அடுத்து ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு, பிரஷர் ரிலீஃப் வால்வு வைத்து, சம்ப்புக்கே திரும்பும் ஒரு பைபாஸ் லைன் கொடுங்கள். 3 பார் தாண்டினால் திறக்கும்படி வைத்தால் போதும். இது உங்களுடைய 4-வது ஸோனுக்கும் கட்டாயம் வேண்டும். எத்தனை சொட்டுவான் இருக்கிறது?

புல்தரை_கோவை

60 இருக்கும். எல்லாம் மணிக்கு 4 லிட்டர் வகை.

மோட்டார்_பேனல்

60 × 4 = மணிக்கு 240 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர். 1 எச்.பி. மோட்டார் அதைவிடப் பல மடங்கு தள்ளும். மிச்சம் போக இடமில்லாவிட்டால் மூடிய வால்வுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சொட்டுநீர் லைனில் பிரஷர் ரெகுலேட்டர் வைத்தால் சொட்டுவான்கள் தப்பிக்கும், மோட்டார் தப்பிக்காது. பைபாஸ்தான் மோட்டாரைக் காப்பாற்றும். இரண்டும் வேண்டும்.

ரிலே பற்றியும் கேட்டுக்கொள்கிறேன். 24 வோல்ட் ஏ.சி. காயில் உள்ள கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய ரிலே) தானே? மோட்டாரின் 230 வோல்ட் கன்ட்ரோலர் பெட்டிக்குள் எந்த வழியிலும் வரக் கூடாது. ரிலேயை கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே மாட்டாமல் 4.5 மீட்டராவது தள்ளி வையுங்கள். கான்டாக்டர் விடும்போது எழும் மின் இரைச்சல் சில கன்ட்ரோலர்களின் திரையை உறையவைத்துவிடும். சம்ப் வற்றினால் மோட்டாரை நிறுத்த டிரை-ரன் பாதுகாப்பும் சேர்த்துப் போடுங்கள். விடிகாலையில் ஆள் பார்க்காமல் ஓடுகிற மோட்டார் இது.

மண்ணும்_ஈரமும்

இனி நிமிடத்துக்கு வருவோம். 10 நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு எண். உங்கள் புல்வெளியே அதற்குப் பதில் சொல்லும்.

அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் 12 டப்பாக்களை ஒரு ஸோன் முழுக்கப் பரப்பி வையுங்கள். சில ஸ்பிரிங்க்ளர் தலைகளுக்குப் பக்கத்தில், சில இரண்டு தலைகளுக்கு நடுவில். 15 நிமிடம் ஓட்டிவிட்டு ஒவ்வொன்றிலும் நிற்கும் உயரத்தை ஸ்கேலால் மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள். சராசரி 10 மி.மீ. வந்தால் உங்கள் ஸோன் மணிக்கு 40 மி.மீ. பொழிகிறது. பாப்-அப் ஸ்பிரேக்கு இது வழக்கமான அளவு. சுழலும் தாரை வகை நாசில்கள் மணிக்கு 10 மி.மீ. அளவில்தான் விடும். அதனால்தான் ஒரே ஸோனில் இரண்டையும் கலக்கக் கூடாது: ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் காய்ச்சல்.

அடுத்து, மிகக் குறைவாக நிறைந்த 3 டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுங்கள். 0.7 அல்லது அதற்கு மேல் என்றால் நன்று. 0.5 என்றால் நிமிடத்தைக் கூட்டாதீர்கள். அது தலையின் குறை: நாசில் அடைப்பு, சாய்ந்த தலை, குறைந்த அழுத்தம். காய்ந்த ஒரு திட்டுக்காக முழு ஸோனையும் இரண்டு மடங்கு நனைப்பதுதான் தோட்டத்தில் தண்ணீர் வீணாகும் முதல் வழி. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

வெயில் காலத்தில் புல்லுக்கு நாளைக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 10 மி.மீ., உங்கள் பொழிவுக்கு 15 நிமிடம். ஆனால் கரிசல் மண் 15 நிமிடத்தை ஒரே மூச்சில் குடிக்காது. முதல் சில நிமிடத்துக்குள் மேற்பரப்பு மூடிக்கொள்ளும், மிச்சம் நடைபாதைக்கு ஓடும். எனவே 5 நிமிடம், ஊற விட்டு மறுபடி 5, மறுபடி 5.

நீர்வழி

இங்கேதான் கூடுதல் ஸ்டார்ட் டைம் உண்மையில் உதவுகிறது. முன்பு தெரியாமல் போட்டதை இப்போது தெரிந்து போடுங்கள். புரோகிராம் ஏ: ஸோன் 1, 2, 3 தலா 5 நிமிடம், ஸ்டார்ட் டைம் 4:30, 5:15, 6:00. ஒரு சுற்று 15 நிமிடம். ஒவ்வொரு ஸோனுக்கும் இரண்டு நனைப்புக்கு நடுவில் 40 நிமிட ஊறல் கிடைக்கும். 6:15-க்கு முடியும்.

ஏ-வில் ஸோன் 4-க்கு நிமிடம் 0. சொட்டுநீர் புரோகிராம் பி-க்குப் போகட்டும்: ஸோன் 4 மட்டும், 45 நிமிடம், ஸ்டார்ட் 6:30, ஒன்றே ஒன்று. செடிக்கு இரண்டு சொட்டுவான் என்றால் 45 நிமிடத்தில் 6 லிட்டர். இதுவரை 10 நிமிடச் சுற்று ஒன்றுக்கு 1.3 லிட்டர்தான் கிடைத்திருக்கும். நாலு சுற்று தவறுதலாக ஓடியதால்தான் செடிகள் வாடாமல் இருந்திருக்கின்றன. இப்போது ஒரே சுற்றாகக் குறைத்துவிட்டீர்கள், எனவே பி-யை இன்றே போட்டுவிடுங்கள்.

சீசனல் அட்ஜஸ்டை 150%-க்கு ஏற்றினாலும் ஏ கடைசிச் சுற்று 6:23-க்குள் முடிந்துவிடும், பி-யோடு மோதாது. 200% என்றால் சரியாக 6:30-ல் முட்டும்.

மாடித்தோட்டம்_சென்னை

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒரு கன்ட்ரோலர் கொண்டுவந்தார். அடாப்டரில் 120 வோல்ட் என்று இருக்கிறது. சிசிடிவிக்குப் போடும் 24 வோல்ட் டி.சி. அடாப்டர் வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?

இருபத்துநான்கு_வோல்ட்

கூடாதுங்க. அந்த 120 வோல்ட் அடாப்டரை நம் சாக்கெட்டில் சொருகினால் கருகிவிடும். டி.சி.யும் ஆகாது. ஏ.சி. சோலனாய்டில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது காயிலின் தூண்டல், டி.சி. கொடுத்தால் அது வேலை செய்யாது, வெறும் 30 ஓம் மட்டும்தான் தடுக்கும். 24 ÷ 30 = 0.8 ஆம்பியர். ஏ.சி.யில் பிடித்து நிற்க 0.25 ஆம்பியருக்குள்தான் எடுக்கும். காயில் கொதித்துப் போகும். அதோடு கன்ட்ரோலருக்குள் இருக்கும் டிரையாக் (வால்வுக்கு மின்சாரம் விடும் மின்னணு சுவிட்ச்), ஏ.சி. அலை பூஜ்யத்தைத் தொடும்போதுதான் அணையும். டி.சி.யில் அந்தப் பூஜ்யமே வராது, வால்வு திறந்தால் மூடாது.

அடாப்டர் தனியாக இருக்கும் மாடல் என்றால் 230-லிருந்து 24 வோல்ட் ஏ.சி., 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் பெயர்ப்பலகையில் 230 என்றும் எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள். பழைய சில மாடல்கள் கடிகாரத்தை மின் அதிர்வெண்ணை வைத்தே எண்ணும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 50-ல் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும்.

மாடித்தோட்டம்_சென்னை

புரிந்தது. எனக்கு மோட்டார் இல்லை, 4 மீட்டர் மேலே இருக்கும் தண்ணீர் டேங்க்கிலிருந்து நேராகத் தொட்டிகளுக்குச் சொட்டுநீர். அதற்கு இந்த கன்ட்ரோலரும் வால்வும் சரிப்படுமா?

சொட்டு_மணி

சரிப்படாது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார், 4 மீட்டருக்கு 0.4 பார். டயஃப்ரம் வால்வு மூடுவது ஸ்பிரிங் பலத்தால் மட்டும் அல்ல, மேல் அறைக்குள் வரும் தண்ணீரின் அழுத்தம்தான் டயஃப்ரத்தை அழுத்தி மூடுகிறது. பல தோட்ட வால்வுகளுக்குக் குறைந்தது 1 பாராவது வேண்டும். உங்கள் அழுத்தத்தில் அரைகுறையாகத் திறக்கும், மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும்.

உங்களுக்கு ஏற்றது குழாயில் மாட்டும் பேட்டரி டைமர், அதிலும் பால் வால்வு வகை. சின்ன மோட்டார் ஒன்று பந்தைத் திருப்பும், அழுத்தமே தேவையில்லை. அட்டையில் '0 பார் முதல்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், பந்து பாதியில் நின்றுவிடும். பந்து திறந்த நிலையில் பேட்டரி தீர்ந்தால் டேங்க்கே காலியாகும், அதனால் பேட்டரி அளவு குறைந்தால் மூடிக்கொள்ளும் மாடலாகப் பாருங்கள். டைமருக்கு முன்னால் 120 மெஷ் ஃபில்டர். அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான் வேண்டாம், 0.4 பாரில் அது ஒழுங்காக வேலை செய்யாது. சாதாரணச் சொட்டுவான் அல்லது மைக்ரோ ட்யூப் போதும்.

புல்தரை_கோவை

ஏ, பி இரண்டும் நீர்வழி சொன்னபடி போட்டாயிற்று. 12 டப்பா சோதனை ஸோன் 1-ல் செய்தேன்: சராசரி 10 மி.மீ., கடைசி மூன்றின் சராசரி 6. மழை சென்சார் முனையில் இப்போது ஒரு சின்ன ஜம்பர் கம்பி இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் சென்சார் வாங்க வேண்டுமா?

மண்ணும்_ஈரமும்

6 ÷ 10 = 0.6. அந்த மூன்று டப்பாவும் எந்தத் தலைகளுக்கு நடுவில் இருந்தன என்று பார்த்து, நாசிலைக் கழற்றி அடியில் இருக்கும் சல்லடையைக் கழுவுங்கள். தலை நேராக நிற்கிறதா, புல் வளர்ந்து தாரையை மறைக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் மறுபடி அளந்து, அதன் பிறகு நிமிடத்தை முடிவு செய்யலாம்.

சென்சார் வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மழையிலேயே ஸ்பிரிங்க்ளர் ஓடுவதைப் பார்க்கச் சகிக்காது. உள்ளே ஈரத்தில் உப்பும் வட்டுகள் இருக்கும் சாதாரண வகையே போதும். 3 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. வரை அளவு வைக்கலாம், 6-ல் வையுங்கள். கூரை விளிம்பில் மழை நேராக விழும் இடத்தில், ஸ்பிரிங்க்ளர் தாரை படாதபடி மாட்டுங்கள். சென்சாரின் இரண்டு வயரையும் முனையில் கொடுத்த பிறகு ஜம்பரை எடுத்துவிட வேண்டும். ஜம்பர் இருந்தால் சென்சார் சொல்வது கன்ட்ரோலருக்குக் கேட்காது. சென்சார் இல்லாமல் ஜம்பரை மட்டும் எடுத்தாலோ ஒரு ஸோனும் ஓடாது.

மோட்டார்_பேனல்

சொட்டுநீர்ச் செடிகளில் ஏதாவது கூரைக்கு அடியில் இருந்தால், ஸோன் 4-ஐ மட்டும் சென்சாரிலிருந்து விலக்கும் வசதி உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்தாலும் அவற்றுக்குத் தண்ணீர் போகாது. பைபாஸ் லைன் போட்டதும் ஸோன் 4 ஓடும்போது அழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள், ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை அதை வைத்துத்தான் திருத்த வேண்டும்.